கொடி காட்ட வாய் எதற்கு?

அத்தைக்கு வந்த மாப்பிள்ளை ஊமை என்று எங்கள் வீட்டில் யாரும் அடித்துச் சொல்லவில்லை. அப்பா அதை ‘அனுமானம்’ என்றார். சித்தப்பா ‘யூகம்’ என்றார். அம்மாவுக்கு வெறும் ‘சந்தேகம்’. இதையே பக்கத்து வீட்டுக்காரி சொன்னபோது மட்டும் அதற்குப் ‘புரளி’ என்று பெயர் வந்தது. அம்மா அவளோடு சண்டைக்கே போய்விட்டாள்.

குளுவாங் டவுன் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அப்போது குடியிருந்தோம். மாப்பிள்ளைக்குக் குளுவாங்கில் ரயில்வே கேட் காக்கும் வேலை. அப்பாவின் தங்கையைப் பெண் பார்க்க வந்தவர், உட்கார்ந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை. “தம்பி மீன் சாப்பிடுவாரா?” என்று கேட்டால்கூட அவருடைய அம்மாதான் பதில் சொன்னார்.

சித்தப்பா அடுப்படிக்கு வந்து அம்மாவின் காதைக் கடித்தார். “ரயிலுக்குக் கொடி காட்டுறதுக்கு வாய் எதுக்கு அண்ணி? இருங்க, இப்பவே பாத்துருவோம்.”

மாப்பிள்ளைக்கு ஆற்றி வைத்திருந்த கோப்பியில் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டார். பேசத் தெரிந்த மனிதன் கத்தத்தானே வேண்டும்? அவரோ ஒரு மடக்குக் குடித்தார், கண் கலங்கினார், மீதியையும் குடித்துவிட்டுக் குவளையை மெல்லக் கீழே வைத்தார். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அவர்கள் போனதும், “இன்னும் என்னண்ணே வேணும்?” என்றார் சித்தப்பா. யூகம் ஒரு குவளைக் கோப்பியில் உண்மையாகிவிட்டது. இந்த இடம் வேண்டாமென்று சொல்லி அனுப்ப அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாத அத்தை, கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னாள்: “அவங்க நல்லாத்தான் பேசுவாங்க.”

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

“சும்மா... ஒரு யூகந்தாண்ணே.”

மறுநாள் அப்பா நேரே ரயில்வே கேட்டுக்கே போனார். பொழுது சாயும்போது களைத்துத் திரும்பினார்.

“மூச்சு விடாமப் பேசுறான்டா! பெரியவங்க முன்னால வாயத் தொறக்கக் கூடாதுன்னு அவங்கம்மா சத்தியம் வாங்கிக் கூட்டிட்டு வந்திருக்காங்க. கோப்பியில உப்பு போட்டது யாருன்னு திரும்பத் திரும்பக் கேக்குறான். நா எங்க மூஞ்ச வச்சுக்கிறது?”

சித்தப்பா கொல்லைப்பக்கம் நழுவினார். சோற்று நேரத்துக்குத்தான் தலை தெரிந்தது.

அந்தத் தையிலேயே கல்யாணம் நடந்தது. அத்தைமேல் எனக்கு அபார மரியாதை. வீடே யூகித்ததில் அவள் யூகம் மட்டும்தானே பலித்தது! நானும் அவளைப்போல யூகிக்கப் பழகினேன்; ஒன்றும் சரியாக வரவில்லை.

கல்யாணத்துக்கு முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தை என்னைக் குளுவாங் சந்தைக்கு அழைத்துப் போவாள். ரயில்வே கேட் வந்ததும் என் கையில் ஒரு கடலைப் பொட்டலத்தைக் கொடுத்து மர நிழலில் உட்கார வைத்துவிட்டு, சற்றுத் தள்ளிப் போய் நின்றுகொள்வாள். ரயில் போய், கேட் திறந்து, காத்திருந்த வண்டிகளெல்லாம் கடந்த பிறகும் அங்கேயே நிற்பாள். அடுத்த ரயிலையும் எனக்குக் காட்டத்தான் அத்தை காத்திருக்கிறாள் என்று நான் திடமாக நம்பியிருந்தேன்.