ஐரீனக்காவின் பேர்

வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்து யாராவது உதட்டைப் பிதுக்கினால் போதும், ஐரீனக்கா அந்த மீனை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டுவார். "கண்ணப் பாரு நைனா. உன்னியே மொறச்சிகினு கீது. பழைய மீனு மொறைக்குமா?" காசிமேட்டு மீன் சந்தையில் அந்தக் குரலுக்கு மைக் வேண்டாம்; எதிர்க்கடையில் உட்கார்ந்திருக்கும் எனக்குத்தான் காது அடைக்கும்.

முதல் மீன் விற்றதும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார். விரலில் இருந்த செதில் ஒன்று மத்தியானம் வரைக்கும் அங்கேயே மின்னிக்கொண்டிருக்கும். பக்கத்துக் கடை பவானியோடு தினமும் சண்டை உண்டு. மீன் கழுவிய தண்ணீர் யார் பக்கம் ஓடியது என்பதுதான் வழக்கு. தீர்ப்பு வராது, டீ வரும். இருவரும் பங்கு போட்டுக் குடிப்பார்கள்.

அக்கா குடியிருக்கும் வீட்டின் மாடியில் இருக்கும் சாராவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்தில் குழந்தையை ஏந்தி நீங்கள்தான் ஞானத்தாயாக நிற்கவேண்டும், உங்கள் பேரையே வைக்கவேண்டும் என்று கேட்டாள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஞானஸ்நானத்துக்கு முன்னால் ஞானத்தாய்க்கும் கோயிலில் வகுப்பு உண்டு அல்லவா, அங்கேதான் ஃபாதர் விளக்கினார். ஐரீன் என்பது கிரேக்கப் பேராம். சமாதானம் என்று பொருளாம். ஆண்டவருக்காக உயிரைக் கொடுத்த ஒரு புனிதையின் பேராம். அக்காவின் முகம் சுண்டிப்போனது.

"வேற பேரு வச்சிக்க கண்ணு," என்றார் சாராவிடம். "சமாதானம்னு பேர வச்சிகினு நான் பண்ற பேஜாரு ஊருக்கே தெரியும். கொழந்தைக்கும் ஒட்டிக்கும்."

சாரா விடவில்லை. இப்போது இதுதான் புதுசு, சின்னதாக அழகாக இருக்கிறது, எந்த நாட்டுக்குப் போனாலும் சொல்லத் தெரியாமல் யாரும் பேரைக் கடித்துத் துப்ப மாட்டார்கள் என்றாள்.

ஞாயிறு வரைக்கும் சண்டை போடாமல் இருந்தால் அந்தப் பேரைச் சொல்கிறேன், இல்லாவிட்டால் ஞானத்தாயாக வேறு ஆளைப் பார் என்று அக்கா சொல்லிவிட்டார்.

மறுநாள் பவானியின் தண்ணீர் நேராக வந்து அக்காவின் காலை நனைத்தது. அக்கா கூடையை நகர்த்தி வைத்துக்கொண்டார். பவானி பயந்துபோனாள். "இன்னாக்கா, ஒடம்பு சரியில்லியா?" அந்த வாரம் முழுக்கச் சத்தமில்லாததால், மீன்தான் பழசோ என்று வாடிக்கைக்காரர்கள் தாண்டிப் போனார்கள். அதற்கும் அக்கா வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, குழந்தைக்கு என்ன பேர் என்று ஃபாதர் கேட்டார். கையில் தூங்கிய குழந்தையின் பக்கம் குனிந்து அக்கா சொன்னார். ஃபாதருக்கே பாதிதான் கேட்டிருக்கும்.

பின்வரிசையிலிருந்து பவானியின் குரல் வந்தது. "கேக்கலக்கா. தண்ணி தொறந்து வுடட்டா?"

அக்கா மெல்லத் திரும்பினார். மாதாவே, இன்றைக்கு மட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன்.

உதட்டின் மேல் விரலை வைத்தார். அப்படியே அந்த விரலால், தூங்கும் குழந்தையைக் காட்டினார்.