எலிசாள் நெற்றிக்கு அகட்டிய கண்ணாடி

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு மூக்குக்கண்ணாடியின் திருகாணியை முறுக்கியது. அம்மா விளக்கைப் பிடித்தாள். நான் வேலை பார்க்கும் மின்மீட்டர் பழுதுபார்க்கும் கூடத்திலிருந்து கொண்டுவந்த சிறிய திருப்புளியால் முறுக்கினேன்.

"ரெண்டு பக்கமும் கொஞ்சம் அகட்டி வையி மக்களே. அவளுக்கு நெத்தி இறுக்குதாம்."

அவள் என்றால் எலிசாள். ஏற்கெனவே அம்மாவின் மூக்கில் அது நிற்காமல் வழுக்கிக்கொண்டிருந்தது. அகட்டினேன்.

அம்மா உலகம்மை ஆரியசாலையில் ஒரு மொத்தக் கடையில் பருப்பு சுத்தம் செய்தவள். அறுபத்திரண்டாம் வருடம் வேலைக்குச் சேர்ந்த அன்று பக்கத்தில் உட்கார்ந்தவள் எலிசாள். வயது நாற்பதைத் தாண்டியதும் இருவருக்கும் பருப்பில் கல் தெரியவில்லை. சாலைக் கடைத்தெருவில் இருவருமாகச் சேர்ந்து ஒரே கண்ணாடி வாங்கினார்கள். போட்டிருப்பவள் கல் பொறுக்குவாள், மற்றவள் புடைப்பாள். இரவில் வேதம் வாசிக்க எலிசாள் கொண்டுபோவாள். காலையில் திரும்பி வரும்.

வேலையை விட்ட பிறகும் இது மாறவில்லை. பகலில் பூத் தொடுக்கும்போது அம்மா போட்டுக்கொள்வாள். மாலையில் அதைக் கொடுக்க எலிசாளின் வீட்டுக்குப் போவாள். நான் வேலை முடிந்து வரும் நேரம் அது. கதவு பூட்டியிருக்கும். உள்ளே காப்பி ஆறிக்கிடக்கும். திரும்பி வரும்போது அம்மாவின் முகத்தில் சிரிப்பு மிச்சமிருக்கும். என்ன பேசினீர்கள் என்று கேட்டால், "சும்மா" என்பாள்.

எண்பத்துநாலாம் வருடம், அதே பவரில் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தாள்.

"கொள்ளாம். நல்லாத் தெரியுது." மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

"போட்டுக்க வேண்டியதுதானே?"

"பின்னே எதைச் சொல்லி அவ வீட்டுக்குப் போவேன்?"

"சும்மா போனா கதவத் தொறக்க மாட்டாளாக்கும்?"

"ஏட்டி, ஒனக்கு அசூயை," என்று சிரித்தாள்.

அசூயைதான்.

திருகாணி முறுக்கிய மறுநாள் மத்தியானம் அம்மாவின் இதயம் நின்றது.

பதினாறாம் நாள் எல்லோரும் போன பிறகும் எலிசாள் உட்கார்ந்திருந்தாள்.

"மக்களே, அந்தக் கண்ணாடி..."

பெட்டியிலிருந்த புதியதை நீட்டினேன். "இத வச்சுக்குங்க சித்தி. திருப்பித் தர வேண்டாம்."

போட்டுப் பார்த்தாள். கழற்றினாள்.

"இத காலையில யாருக்குக் கொண்டு குடுக்க?"

மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

பழையது என் கைப்பையில் இருக்கிறது. ஒருமுறை போட்டுப் பார்த்தேன். எனக்கும் நிற்கவில்லை. இறந்த அன்று மாலை அம்மா அதை எலிசாள் வீட்டில் கொடுக்க இருந்தாள். நான் இன்னும் கொடுக்கவில்லை.