மாமா மடியில் நனைந்த பட்டுப்பாவாடை

எனக்கு ஏழு வயதில்தான் காது குத்தினார்கள். இரண்டாம் வகுப்பில் மானிட்டராகவே ஆகிவிட்டிருந்தேன்; அதற்குப் பிறகுதான் மொட்டையும் காதுகுத்தும். தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது: முதலில் அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை, பிறகு பங்காளி வீட்டில் சாவு, அப்புறம் மாமாவுக்கு ஆபரேஷன்.

மாமா என்றால் அம்மாவின் பெரிய அண்ணன். திண்டிவனத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். அம்மா கடைக்குட்டி என்பதால் அவருக்கு அப்போதே அறுபது நெருங்கிவிட்டது. ப்ராஸ்டேட் ஆபரேஷன் முடிந்து, சிறுநீர் டியூபை எடுத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. எனக்குச் சொன்னதெல்லாம் ‘வயித்துல ஆபரேஷன்’ என்பதுதான். விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தால் பேசிக்கொண்டிருப்பவர் திடீரென்று நிறுத்தி, முகத்தை இறுக்கி, பத்து வரை எண்ணுவார். சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தேன். டாக்டர் சொல்லிக்கொடுத்த பயிற்சியாம் அது. எங்கே போனாலும் கையில் ஒரு மஞ்சள் பை, அதில் மாற்று வேட்டி.

எங்கள் வீட்டு வழக்கப்படி மூத்த தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். மயிலம் கோயிலில் அத்தை அவரைத் தடுத்துப் பார்த்தாள்.

“நீங்க கம்முனு இருங்க. உங்க தம்பி மடியில குந்த வெச்சிக்கட்டும். இது உதைக்கிற புள்ள.”

“நான் உயிரோட இருக்கசொல்ல அவன் மடியா? எது ஆனாலும் என்னோட போவட்டும்.”

பத்தர் முதல் காதைக் குத்தியதும் மலையே அதிரக் கத்தினேன். இரண்டாவது காதுக்குக் கையையும் காலையும் உதறித் திமிறினேன். மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னை இறுக்கினார். எல்லாம் முடிந்து இறக்கிவிட்டபோது என் பட்டுப்பாவாடை பின்னால் நனைந்திருந்தது.

“அய்ய, பாப்பா பயத்துல ஒண்ணுக்குப் போய்ட்டா!” என்றாள் பெரியம்மா. கூட்டம் மொத்தமும் கொல்லென்று சிரித்தது. என் வகுப்புப் பையன் ஒருவனும் சிரித்தான். மானிட்டர் மானம் போயிற்று.

மாமா எழுந்து நின்றார். அவர் வேட்டியும் ஈரம்.

“புள்ளையப் பாத்து யாரும் சிரிக்காதீங்க. அவ போவல, நான்தான். ஆபரேஷன் பண்ணதுலேர்ந்து எனக்கு இப்படி ஆவுது.”

சிரிப்பு அப்படியே நின்றது. அவர் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு உறவினர் நடுவிலேயே மெதுவாக நடந்துபோய் வேட்டி மாற்றிவிட்டு வந்தார். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்கோ புல்லரித்துவிட்டது. பெரியவர்கள் எங்காவது வேட்டியில் போவார்களா? எனக்காக இவ்வளவு பெரிய பொய்! பந்தியில் அவர் பக்கத்தில் போய் என் பாதி ஜாங்கிரியை அவர் இலையில் வைத்து, காதோடு சொன்னேன்: “நான்தான் போயிருப்பேன் மாமா. நீங்க பொய் சொன்னத யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

மாமா என்னைப் பார்த்தார். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இலையை விட்டு எழுந்து, மஞ்சள் பையோடு ஓடினார். குட்டு வெளிப்பட்ட வெட்கம் என்று முடிவு கட்டினேன்.

இருபது வருடம் அப்படித்தான் நம்பினேன். போன வருடம் அப்பாவுக்கும் அதே ஆபரேஷன். மூன்று மாதமாகத் தெருமுனை டீக்கடைக்குக்கூடப் போகாமல் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார். எண்பது வயதில் மாமா தனியாக பஸ் ஏறி வந்தார், கையில் ஒரு மஞ்சள் பை.

“என்னா மாப்ள, கதவ சாத்திக்கினு இருந்தா நின்னுடுமா? எனக்கு மட்டுப்பட எட்டு மாசம் ஆச்சு. இன்னிக்கும் சிரிச்சா ரெண்டு சொட்டு போவுது. இவ காதுகுத்துல ஊரே பாக்க நனைச்சவன் நானு. யாரு என்னா பண்ணிட்டாங்க?”

டீ தம்ளரோடு நின்றுவிட்டேன். “அப்ப அது பொய் இல்லியா மாமா?”

“பந்தியிலியே சொல்லியிருப்பேன்டி. நீ எங்க சொல்ல வுட்ட? சிரிக்க வெச்சி ஓட வுட்டுட்ட.”

அப்பா மூன்று மாதத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தவர் “அய்யோ” என்று எழுந்து ஓடினார்.

அன்று மாமா வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும், யாருக்கும் தெரிந்திருக்காது. குழந்தைதானே என்று சிரித்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள். அது எனக்கு ஏழு வயதில் புரியவில்லை.