தொட்டியை விட்டு விலகாத கெல்வின்

காலைத் தேநீர் குடித்த கையோடு கெல்வின் டிரேகர் வீட்டின் பின்புறம் போய், மழைநீர் பிடிக்கும் தகரத் தொட்டியில் பின்பக்கத்தைப் பொருத்தி நிற்கிறார். இடுப்பிலிருந்து குனிகிறார். கையில் கோல்ஃப் மட்டை. எதிரே பந்து கிடையாது; காய்ந்த புல், அதற்கப்பால் வானம் வரை கோதுமை. மட்டை ஏறும்போது வலப்பக்கம் தகரத்தில் அழுந்த வேண்டும், இறங்கும்போது இடப்பக்கம். இரண்டுக்கும் தொட்டி ‘டொம்’ என்று பதில் சொல்லும். மழை குறைந்த வருடம், தொட்டி பாதி காலி, அதனால் பலமாகவே சொல்லும். அடுப்படியில் முட்டை பொரிக்கும் மனைவி நோயெலாவுக்கு இரண்டாவது டொம் கேட்காமல் போனால் போதும், சன்னல் வழியாக, “எந்திரிச்சிட்ட” என்பார். அந்த வீட்டில் எந்தத் தப்பும் அவர் காதுக்குத் தப்பியதில்லை.

அந்த எந்திரிப்புதான் கெல்வினைப் பிடித்த வியாதி. மட்டை பந்தை நெருங்கும் நேரம் பார்த்து இடுப்பு முன்னே பாயும், முதுகு நிமிரும், அடி பந்தின் உச்சந்தலையில் பட்டு அது தரையோடு உருண்டு ஓடும். கிளப்பில் எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான் வைத்திருக்கிறார்கள்: “தலையக் குனிடா.” கெல்வின் மோவாய் நெஞ்சில் குத்தும் வரை குனிந்து பார்த்தார். கூன் விழுந்ததுதான் மிச்சம்.

அந்த ஊர் மைதானத்தில் பந்து விழும் குழியைச் சுற்றிப் புல் வளராது. எண்ணெய் கலந்த மணலைக் கொட்டி வைத்திருப்பார்கள். ஆடி முடித்தவர் இரும்புப் பட்டையை இழுத்துக் காலடித் தடங்களை அழித்துவிட்டுப் போகவேண்டும். மற்றவர்கள் அவசரமாக ஓர் இழுப்பு இழுத்துவிட்டு ஓடுவார்கள். கெல்வின் மட்டும் குழியிலிருந்து தொடங்கி, வட்டம் வட்டமாக, தூக்கத்தில் நடப்பவர் மாதிரி இழுத்துக்கொண்டே போவார். பின்னால் காத்திருக்கும் மெர்வ், நாற்பது வருடச் சிநேகிதர், “விதைக்கப் போறியாடா அதுல?” என்று கேட்பார். “மழை வந்தா விதைச்சிருவேன்” என்பார் கெல்வின். எதைக் கேட்டாலும் அவர் பதிலில் ஒரு மழை இருக்கும்.

இரண்டு வருடங்களாகக் கண்ணின் நடுப்பகுதி மங்கிக்கொண்டு வருகிறது. ஓரங்கள் தெரிகின்றன, நேரே பார்ப்பது தெரிவதில்லை. “ஒன் காது ரெண்டும் ஜோரா தெரியுது நோயெலா, நடுவுலதான் புகை” என்று சிரிப்பார். வண்டி ஓட்டும் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. அறுவடை இயந்திரம் மருமகன் கைக்குப் போயிற்று. மிச்சம் இருப்பது சனிக்கிழமை ஆட்டம் ஒன்றுதான். அதிலும் பந்து இப்படியே உருண்டால், பருவத்தின் கடைசிச் சனிக்கிழமையோடு மட்டைகளைக் கிளப்புக்கே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார். சொன்னபோது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அன்று இரவுச் சாப்பாட்டை மட்டும் தொடவில்லை.

நோயெலா கோல்ஃப் ஆடுபவர் அல்ல. பையைத் தூக்கிக்கொண்டு கூட நடப்பவர். ஒருநாள் பின்னால் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, “தலை மேல குத்தமில்ல. ஒன் பின்பக்கம்தான் எடத்த விட்டு ஓடுது” என்றார். அன்றைக்கே தொட்டியடிக்கு இழுத்துப் போனார். மெர்வ் கேள்விப்பட்டு ஒரு வாரம் சிரித்தார்.

ஏன் ஓடுகிறது என்பது கெல்வினுக்குத் தெரியும். பந்து எழும்பி, கடுகளவாகி, நீலத்தில் கரையும் அந்த நேரத்துக்காகவே அவர் ஆடினார். விலை பேசாத, களை பிடுங்காத நேரம் அது ஒன்றுதான். இப்போது அடித்ததும் பந்து புகைக்குள் போய்விடுகிறது. அதற்கு முன்னால் ஒரு கணமாவது பார்த்துவிட வேண்டுமென்று உடம்பு முந்திக்கொண்டு எழுகிறது. இதை வாய்விட்டுச் சொல்ல அவருக்கு வெட்கம். ஒரு காலையில், தொட்டி மூன்றாவது முறையும் ஒற்றை டொம் சொன்ன பிறகு சொன்னார்:

“அது போயிடும்னு பயமா இருக்கு.”

நோயெலா கரண்டியோடு வெளியே வந்தார். “போகட்டும். அத நான் பாத்துக்கிறேன். நீ இங்கயே இரு.”

கடைசிச் சனிக்கிழமை வெயில் தணிந்து, யூகலிப்டஸ் மரங்களின் வாசனை மட்டும் மைதானத்தில் நின்றது. வெள்ளைக் கிளிகள்கூடச் சத்தம் போடவில்லை. மெர்வ் வழக்கம்போல், “தலையக் குனிடா கெல்” என்றார். கெல்வினுக்குப் பின்னால் இப்போது தகரம் இல்லை, காற்றுதான். அவர் அந்தக் காற்றில் சாய்ந்துகொண்டார். மட்டை ஏறியது, இறங்கியது. அவர் எந்திரிக்கவில்லை.

சத்தம் சுத்தமாக இருந்தது. கெல்வின் பந்து இருந்த இடத்திலிருந்து முகத்தை எடுக்காமலே கையை நீட்டினார். நோயெலா பையைக் கீழே போட்டுவிட்டு, அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து, மரங்களுக்கு மேலே தூக்கி, வானத்தின் குறுக்கே மெல்ல, மெல்ல நகர்த்தி, தூரத்து மணலில் கொண்டுபோய் இறக்கினார்.