அந்த மடி என்னுடையது இல்லை

நான் ஒரு முட்டாள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்... பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு அவமானம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆஸ்டின் டவுன் வீட்டில் காலாட்டிக்கொண்டே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கை கலா ஒரு போட்டோ போட்டிருந்தாள். மொட்டைத் தலை, பட்டுப்பாவாடை, வாய் நிறைய அழுகை. அவள் மகள் யாழினிக்குக் காது குத்து!

தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே குத்துவார்கள்? கலாவுக்கு அண்ணன் என்று இருப்பது நான் ஒருவன்தான். ஆனால் போட்டோவில் இருந்த மடி என்னுடையது இல்லை. என் தொப்பை எனக்குத் தெரியாதா?

குழந்தை பிறந்த வாரமே வாங்கிவைத்த தங்கத்தோட்டை எடுத்துக்கொண்டு ஸ்ரீராம்புரத்துக்கு ஆட்டோ பிடித்தேன்.

"வாங்க மச்சான்" என்றார் மாப்பிள்ளை. காபி போட உள்ளே போனவர் வெளியே வரவேயில்லை. யாழினி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "மாமா, தொடாத... வலிக்கும்" என்றாள்.

"ஏம்மா கலா, எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? யாரு அது, மடியில வெச்சிருக்கிறது?"

"ஹெப்பகோடி ஃபேக்டரியில இவரோட வேலை பாத்தவரு. இவருக்கு வேலை போனதுலேர்ந்து தினம் வந்து பாத்துட்டுப் போறாரு."

"நான் என்ன பண்ணேன்?"

"பாப்பா பர்த்டேக்கு வந்து பிரியாணி சாப்ட்டியே... அத்தன பேர் முன்னாடி என்ன சொன்னண்ணா?"

ஞாபகம் வந்தது. 'மாப்பிள்ளைக்கு வேலை போனதே நல்லது, சமையல் இப்பத்தான் தேறியிருக்கு!' ஹால் மொத்தமும் சிரித்தது. எனக்கு அன்று ஒரே பெருமை.

காது குத்துகிறோம், பச்சை குத்துகிறோம், முத்திரை குத்துகிறோம். ஊசியும் குத்தும், பேச்சும் குத்தும். இந்த ஊர்க் கன்னடத்திலும் இரண்டுக்கும் 'சுச்சு' என்ற ஒரே சொல்தான். இரண்டு பாஷை தெரிந்து என்ன பிரயோஜனம்? ஆசாரியாவது குத்துவதற்கு முன்னால் காதைத் தேய்த்து மரத்துப்போக வைக்கிறார், குத்திய இடத்தில் மஞ்சள் வைக்கிறார். நான்? குத்திவிட்டு, இன்னொரு கரண்டி தயிர்ப் பச்சடி கேட்டேன்!

"விளையாட்டாச் சொன்னதும்மா... மாப்பிள்ளையே சிரிச்சாரே!"

கலா தோட்டுப் பெட்டியை வாங்கினாள். திறக்காமலே அலமாரியில் வைத்தாள்.

"சிரிக்காம என்ன பண்ணுவாரு?"