எலும்புக்கு முன்னால் நிற்க வேண்டிய ஊசி

லிபி முதன்முதலில் வடிவமைத்த அம்புகள் துளைத்துக்கொண்டு போவதற்கானவை. பாறசாலைப் பக்கம் மரச்சீனிக் கிழங்கும் வாழையும் போடுகிற யோசுவாவின் மூத்த மகள் அவள். நாகர்கோவிலில் இன்ஜினியரிங் முடித்த கையோடு ஐதராபாத்தில், ராணுவத்துக்குத் தோட்டா வடிவமைத்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. செய்கிற வேலையை வெளியே சொல்லக்கூடாது என்று சேரும்போதே கட்டளை. லீவில் ஊருக்கு வந்தபோது அப்பா விடாமல் கேட்டார். ஆணி செய்கிறோம் என்று சொல்லிவைத்தாள். யோசுவா அதை நம்பி, மகள் பெரிய ஆணிக் கம்பெனியில் இருக்கிறாள் என்று சபையில் எல்லோரிடமும் சொன்னார்.

அது முழுப் பொய்யும் அல்ல. பார்ப்பதற்கு ஆணி மாதிரிதான் இருக்கும். விரல் நீளத்தில் எஃகு முள், வாலில் நான்கு சின்னச் சிறகுகள். சாதாரணத் தோட்டா சுழன்றுகொண்டே போவதால் நேராகப் போகிறது. இந்த முள்ளை நேராக வைத்திருப்பது சிறகுதான். துப்பாக்கிக் குழலைவிட முள் மிகவும் மெலிசு என்பதால் அதைச் சுற்றி ஓர் உறை போடுவார்கள். குழலை விட்டு வெளியே வந்ததும் உறை பிளந்து விழுந்துவிட வேண்டும், முள் தனியாகப் பறக்க வேண்டும்.

லிபியின் பொறுப்பு அந்தச் சிறகுகள். பெரிதாக வைத்தால் முள் ஆடாமல் போகும், ஆனால் காற்று பிடித்து வேகம் குறையும். சிறிதாக வைத்தால் வேகம் இருக்கும், முள் தலையாட்டும். வேகம் குறையக்கூடாது என்பது அங்கே எல்லோருக்கும் காலை ஜெபம் மாதிரி. எட்டொன்பது வருடம் அதிலேயே கிடந்து, வேகத்தைத் தின்னாத சிறகு ஒன்றை வரைந்தும்விட்டாள். ஆனால் உறை பிளக்கும்போது ஒரு பக்கம் மயிரிழை முந்தினாலும் அது முள்ளைத் தட்டிவிடும். ஒரே இடத்துக்குக் குறிவைத்த முட்கள் ஆளுக்கொரு திசையில் போயின. அது கடைசிவரை சரியாகவில்லை. மேலிடத்தில் பொறுமை தீர்ந்து திட்டத்தை மூடினார்கள். கம்ப்யூட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எல்லோருமாகப் பிரியாணி சாப்பிடப் போனார்கள். அன்று அறைக்கு வந்து படுத்த லிபி மறுநாள் மத்தியானம்தான் எழுந்தாள். அந்தக் களைப்பு அப்புறம் அவளை முழுசாக விட்டுப் போகவே இல்லை.

ஊருக்கு வந்தாள். ஆரியசாலையில் பம்புசெட் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் பினுவைக் கல்யாணம் செய்துகொண்டு திருவனந்தபுரத்தில், கரமனையில் குடியேறினாள். ஒரு சுயநிதிக் கல்லூரியில் பாடம் எடுத்தாள். பிள்ளைகள் சேராமல் அந்தக் கல்லூரியும் மூடிற்று. நான் கால் வைக்கிற இடமெல்லாம் மூடுதே என்று பினுவிடம் சொன்னாள். அப்படியானால் என் கடைப் பக்கம் வராதே என்றான் அவன்.

நாற்பது கழிந்த பிறகுதான் மண்விளை தொழிற்பேட்டையில் வேலை கிடைத்தது. முதலாளி வெங்கடசுப்ரமணியன் அதே ஊரில் ஸ்ரீவராகத்துக்காரர். ஆக்சிஜன் சிலிண்டருக்கு வால்வு செய்கிற சிறிய தொழிற்சாலை அவருடையது. வனத்துறைக்காகக் காட்டு மிருகங்களுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் ஸ்ரீகுமார் ஒருநாள் அவரைத் தேடி வந்திருக்கிறார். துப்பாக்கியில் வைத்துச் செலுத்துகிற மயக்க ஊசிகள் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருக்கிறது, கேட்டால் ஆறு மாதம் ஆகிறது, இங்கேயே செய்து தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். காற்றழுத்தம் தெரிந்தவரான முதலாளிக்கு ஆசை வந்துவிட்டது. பறக்கிற சாமான் தெரிந்த ஆள் வேண்டும் என்று தேடினார்.

லிபியின் பழைய வேலையை அவர் தோண்டிக் கேட்கவில்லை.

"பறக்கறதைப் பத்தி உங்களுக்குத் தெரியுமோன்னோ?" என்றார்.

"தெரியும் சார்."

"இது பறந்து போய் நிக்கணும். அதான் இதிலே கஷ்டம்."

மயக்க ஊசி உண்மையில் பறக்கிற ஒரு சிரிஞ்ச். முன் அறையில் மருந்து, பின் அறையில் அடைத்துவைத்த காற்று. ஊசி தோலுக்குள் இறங்கியதும் அதன் துளையை மூடியிருக்கும் சின்ன ரப்பர் பின்னால் தள்ளப்படும், காற்று மருந்தை உள்ளே அழுத்திவிடும். வாலில் கம்பளிக் குஞ்சம். பாதி நிரம்பிய மருந்து உள்ளே அலம்பினால் ஊசி குடிகாரன் மாதிரித் தள்ளாடும். தோல் தடித்த மிருகத்துக்கு ஊசி எட்டாது. மெல்லிய மிருகத்துக்கு அதே ஊசி அதிகம். இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிசெய்ய இரண்டு வருடம் ஓடிற்று. காலையில் கரமனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். தொழிற்சாலைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில், நனைத்த மாட்டுத்தோலை மெத்தைப் பஞ்சின்மேல் கட்டிவைத்துச் சுட்டுச் சுட்டுப் பார்ப்பாள். ஈரத்தோலின் நாற்றம் சேலையில் ஏறி வீடு வரைக்கும் வரும்.

கடைசியில் அமைந்த ஊசி நல்ல ஊசி. ஒல்லியாக, வால் சிறுத்து, தூரத்திலிருந்து சுட்டாலும் சொன்ன இடத்தில் போய்த் தைத்தது. ஸ்ரீகுமார் அதைத் தெருமாட்டிலும் பன்றியிலும் சோதித்துப் பார்த்துவிட்டு மிகவும் சந்தோஷப்பட்டார். நாமக்கல்லில் படித்த காலத்தில் பழகிய தமிழை மலையாளத்தோடு கலந்து பேசுகிறவர். இனி வெளிநாட்டு ஊசியே வேண்டாம் என்று முதலாளியிடம் சொன்னார்.

அந்த மழைக்காலத்தில் பாலோட்டுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் காட்டெருமை ஒன்று நின்றது. அந்தப் பக்கத்தில் அதைப் போத்து என்பார்கள். பன்றிக்கு வைத்த கம்பிக் கண்ணி காலில் இறுகி, கால் வீங்கியிருந்தது. ஊசி வேலை செய்வதைப் பார்க்க லிபியையும் ஜீப்பில் கூட்டிப்போனார்கள். ஸ்ரீகுமார் தூரத்தைக் கணக்குப் பண்ணித் துப்பாக்கியில் அதற்குத் தகுந்த அழுத்தம் வைத்தார். அவர் குறிபார்த்து முடிப்பதற்குள் எருமை புதரை விட்டு இந்தப் பக்கமாக நடந்து வந்துவிட்டது. மழை கனத்துக்கொண்டிருந்தது. அது மறுபடி உள்ளே போய்விட்டால் கிடைக்காது. அழுத்தத்தைக் குறைக்காமலே அவர் சுட்டார்.

எருமை ஓடி, நின்று, கொஞ்ச நேரத்தில் படுத்தது. கண்ணியை வெட்டினார்கள், புண்ணுக்கு மருந்து வைத்தார்கள், மயக்கம் தெளிய ஊசி போட்டார்கள். எழுந்தபோது கண்ணி பட்ட கால் தரையில் ஊன்றியது. ஊசி தைத்த கால் ஊன்றவில்லை. மூன்று காலில் இரண்டு நாள் நின்று பார்த்துவிட்டு அது செத்துப்போனது. அறுத்துப் பார்த்தபோது ஊசி மட்டுமல்ல, ஊசியின் உடம்பும் பாதி உள்ளே இறங்கித் தொடையெலும்பை முறித்திருந்தது.

வனத்துறை விளக்கம் கேட்டது. வெங்கடசுப்ரமணியன் லிபியைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் கெட்ட மனிதர் அல்ல. ஆனால் இருபது பேர் அவரை நம்பி இருந்தார்கள்.

"தூரக் கணக்கு பிசகிடுத்து, நம்ம ஊசியிலே கோளாறு இல்லேன்னு எழுதிடுங்கோ. நடந்தது அதானே," என்றார்.

நடந்தது அதுதான். ஸ்ரீகுமாரும் அதையே எழுதிக் கொடுத்திருந்தார், தன் பிசகு என்று. லிபி தன் மேஜைக்குப் போய் வரைபடத்தைத் திறந்தாள். எழுதுவதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் திறந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒல்லி உடம்பு, சரிந்த தோள், சிறுத்த வால். ஐதராபாத்தில் வரைந்த முள்ளைப் பெருக்கி, உள்ளே மருந்து நிரப்பினால் இப்படித்தான் இருக்கும். கை தன் பழக்கத்துக்கு வரைந்திருக்கிறது. வேகத்தைக் காப்பாற்றி, காப்பாற்றி, எலும்பு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது.

அன்று சாயங்காலம் வீட்டில் சோறு போட்டுவிட்டு அவள் சாப்பிடாமல் இருந்தாள். போத்து செத்ததுக்கு நீ என்ன செய்ய முடியும் என்று பினு கேட்டான். அசதியாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். பினு மீனை எடுத்து முள் நீக்கி அவள் தட்டில் வைத்தான்.

மறுநாள் முதலாளியிடம் போனாள்.

"சார், டாக்டர் சாருக்க பிசகு மட்டும் இல்ல. மிருகம் நின்ன இடத்துல நிக்குமா? அது நடக்கும். தூரம் கொஞ்சம் தப்பினா எலும்பு ஒடியும்னா அது ஊசிக்க குத்தமாக்கும். நான் மாத்தி வரையறேன்."

வெங்கடசுப்ரமணியன் வனத்துறையின் கடிதத்தை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். பிறகு, அப்படியே எழுதுங்கோ என்றார்.

எந்த வேகத்தைக் காப்பாற்ற இளம் வயதைக் கொடுத்தாளோ அதை இப்போது உட்கார்ந்து ஒழிக்க வேண்டியிருந்தது. உடம்பைக் குட்டையாகவும் தடிப்பாகவும் ஆக்கினாள். ஊசியின் அடியில் மெத்தென்ற ரப்பர் வளையம் வைத்தாள். பட்டதும் நசுங்கி, மேற்கொண்டு போகவிடாமல் தடுக்கும். வாலில் கம்பளியை அடர்த்தியாக்கினாள். நனைத்த தோலுக்குப் பின்னால் கசாப்புக்கடையில் வாங்கிய மாட்டெலும்பைக் கட்டிவைத்து, மிக அருகிலிருந்து சுட்டாள். எலும்பு உடையவில்லை. ஆனால் தூரத்திலிருந்து சுட்டபோது ஊசி பாதி வழியிலேயே தளர்ந்து தரையைக் குத்தியது. எப்படி மாற்றினாலும் அதுதான். மிருகத்துக்கு நல்லது செய்யச் செய்ய, சுடுகிறவர் மிருகத்தின் அருகே போக வேண்டியிருந்தது.

இதை ஸ்ரீகுமாரிடம் சொல்லத்தான் அவளுக்குச் சங்கடமாக இருந்தது. ஐதராபாத்தில் இருந்தவரை துப்பாக்கியின் இந்த முனையில் நிற்கிறவனையும் அவள் பார்த்ததில்லை, அந்த முனையில் நிற்கிறவனையும் பார்த்ததில்லை. இந்த மனிதர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தார்.

"போத்தின்ற காலு ஒடியாம இருக்கணும்னா ஞான் பக்கத்தில போணும். அவ்வளவுதானே? போகாம்," என்றார்.

"அது திரும்பிச்சுன்னா?"

"எனக்கும் காலு இருக்கே லிபி."

அடுத்த கோடையில் விதுரைப் பக்கம் ஒரு கொழுத்த ஆண் காட்டெருமை மரச்சீனித் தோட்டங்களுக்குள் இறங்கிவிட்டது. விரட்டினால் ஊருக்குள் ஓடியது. மயக்கி லாரியில் ஏற்றிக் காட்டுக்குள் விடுவது என்று முடிவாயிற்று. அன்று லிபி போகவில்லை, கொட்டகையில் இருந்தாள். வனக்காவலர் ஒருவர் போனில் சொன்னார். டாக்டர் குனிந்து குனிந்து மிக அருகே போய்ச் சுட்டிருக்கிறார். ஊசி சரியாகத் தைத்தது. மருந்து ஏறுவதற்குள் எருமை திரும்பி அவரை ஒரு பலாமரத்தின்மேல் தூக்கி அடித்துவிட்டது. பிறகு கொஞ்ச தூரம் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டது.

விலா எலும்பு மூன்றும் தோள் எலும்பும் முறிந்து ஸ்ரீகுமார் ஆஸ்பத்திரியில் கிடந்தார். லிபி பார்க்கப் போனபோது ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனாள். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அவர்தான் முதலில் பேசினார்.

"போத்து?"

"எழும்பிப் போச்சு சார். காட்டுல விட்டாச்சு."

"காலு?"

"நாலும் நல்லா இருக்கு."

அவர் சிரிக்கப் பார்த்தார், நெஞ்சு வலித்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டார். ஊசியை இன்னும் கொஞ்சம் தூரம் போகவைக்க முயற்சி செய்கிறேன் என்று லிபி சொன்னாள். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அவசரம் ஒண்ணும் வேண்டா," என்றார் அவர். "ஒரு வருஷம் எனக்கு எங்கயும் போக வய்யா."

அந்த ஒரு வருடமும் அவள் கொட்டகையில் இருந்தாள். வளையத்துக்கு இன்னும் மெத்தென்ற ரப்பர் கொச்சியில் கிடைத்தது. அது அடியை அதிகம் வாங்கிக்கொண்டதால் வாலில் கம்பளியைச் சற்றே குறைக்க முடிந்தது. குறைத்ததில் கிடைத்தது சில எட்டுத் தூரம். ஓடித் தப்ப அந்தச் சில எட்டு போதுமா என்று யாருக்கும் தெரியாது. அதற்கு மேல் எதைத் தொட்டாலும் ஒரு பக்கம் ஏற மறுபக்கம் இறங்கியது. இது முழுசாகத் தீருகிற காரியம் அல்ல என்று லிபிக்குத் தெரிந்துவிட்டது. கழுத்து வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு, மறுநாளும் பஸ் ஏறினாள்.

ஸ்ரீகுமார் திரும்பி வந்தார். ஆனால் அவருடைய தோளில் துப்பாக்கி நிற்கவில்லை. அலுவலகத்தில் உட்காரவைத்துவிட்டு அஸ்வதி என்ற புது டாக்டரை அனுப்பினார்கள். அவளுடைய முதல் அழைப்பு ஒரு மிளா, பெரிய காட்டுமான். நெடுமங்காட்டுக்கு அப்பால், தண்ணீர் தேடி வந்த இடத்தில் பிளாஸ்டிக் கேன் முகத்தில் மாட்டிக்கொண்டு, தின்ன முடியாமல், விலா தெரிய அலைந்துகொண்டிருந்தது. யாரும் கூப்பிடாமலே லிபி ஜீப்பில் ஏறிக்கொண்டாள்.

அஸ்வதியின் முதல் ஊசி மிளாவுக்கு முன்னால் புல்லில் விழுந்தது. அவள் லிபியைத் திரும்பிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போகணும் என்று லிபி மெதுவாகச் சொன்னாள். சொல்லிவிட்டுத் தானும் கூட நடந்தாள். மறைவு இல்லாத இடம். மிளா கேனோடு தலையை உயர்த்திக் காற்றை முகர்ந்தது. இரண்டாவது ஊசி தொடையில் தைத்து, ரப்பர் வளையம் தோலோடு ஒட்டி நின்றது. மிளா கொஞ்சம் ஓடியது, பிறகு முன்னங்கால் மடிந்து உட்கார்ந்தது.

தலை சரிந்தால் மூச்சு முட்டும், யாராவது பிடித்துக்கொள்ளணும் என்றாள் அஸ்வதி. லிபி தரையில் உட்கார்ந்து அதன் தலையைத் தூக்கி மடியில் வைத்து, கண்ணைத் துணியால் மூடினாள். நல்ல கனம். காவலர்கள் கத்தரியால் கேனை வெட்டி எடுத்தார்கள். அஸ்வதி தொடையை அழுத்திப் பார்த்து, எலும்புக்கு ஒன்றுமில்லை என்றாள். மிளாவின் மூச்சு லிபியின் முழங்காலில் சூடாக விழுந்துகொண்டிருந்தது. மயக்கம் தெளிகிற ஊசியை எடுக்க அஸ்வதி பெட்டியைத் திறந்தபோது, இன்னும் ஒரு நிமிஷம் கழித்துப் போட்டால் போதாதா என்று லிபி கேட்டாள். அஸ்வதி காரணம் கேட்கவில்லை. அந்த ஒரு நிமிஷம் லிபி கண்ணை மூடிக்கொண்டு அப்படியே இருந்தாள்.