பார்க்காமல் எழுதிய குற்றம்

போன மாதம் ஓர் அமெரிக்கப் பேராசிரியைக்கு நான் பாடம் ஒப்பித்தேன்.

நிஜமாகத்தான். காலை ஏழு மணிக்கு, மயிலாப்பூர் ஃபிளாட்டில், சாப்பாட்டு மேஜை மேல் லேப்டாப்பை வைத்து, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு... சரி, முதலில் இருந்தே சொல்கிறேன். இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைப்பீர்கள். (முழுக்கப் படித்த பிறகும் அப்படியே நினைத்தால் ஆட்சேபணை இல்லை.)

வாரா வாரம் வரும் இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு என் வியாதி தெரியும். சீசனுக்கு ஓர் ஆர்வம். கொட்டிவாக்கம் கடலில் சர்ஃபிங் கற்கப் போய் உப்புத்தண்ணீர் குடித்துத் திரும்பியதை இங்கேதான் எழுதினேன். ஜப்பானிய மொழி மூன்றாம் பாடத்தோடு நின்றதையும் எழுதினேன்.

ஆனால், இந்த முறை விளையாட்டு இல்லை. படித்தது பி.காம்., பார்த்த வேலை தி.நகரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸ், உள்ளுக்குள் ஓயாமல் அரித்துக்கொண்டிருந்தது வரலாறு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் எம்.ஏ. வரலாற்றுக்கு விண்ணப்பம் போட்டேன். இடம் தருகிறோம் என்றார்கள். ஒரே ஒரு நிபந்தனை — கல்லூரியில் வரலாறே படிக்காதவள் என்பதால், ஆன்லைனில் அமெரிக்க வரலாறு கோர்ஸ் ஒன்றை முடிக்க வேண்டும். ‘பி’ கிரேடாவது வாங்க வேண்டும். வாங்கினால் சீட். இல்லாவிட்டால் ஆடிட்டர் ஆபீஸ்.

‘பி’ தானே? கேட்டதும் சிரித்துவிட்டேன்.

ஏன் சிரிக்க மாட்டேன்? என் அம்மா ரீட்டா டீச்சர். சாந்தோம் பக்கம் ஒரு கான்வென்டில் பத்தாம் வகுப்புக்கு வரலாறு எடுத்து ரிடையர் ஆனவர். அம்மாவிடம் படித்தவர்களை இன்றைக்கு லஸ் முனையில் நிறுத்திக் கேட்டாலும் முதல் உலகப் போருக்கான காரணங்களை வரிசை மாறாமல் சொல்வார்கள். சொல்லிவிட்டு, “டீச்சர் நல்லா இருக்காங்களா?” என்பார்கள். எங்கள் வீட்டுச் சட்டம் இன்னும் கடுமை. ஒப்பித்தால்தான் தட்டில் தோசை விழும். அப்படி வளர்ந்தவளுக்கு அமெரிக்கா எம்மாத்திரம்? மொத்தமே நம் திருமலை நாயக்கருக்குப் பின்னால் வந்த சமாச்சாரம்தானே!

கோர்ஸின் கிரேடையே முடிவு செய்யும் பெரிய கட்டுரை வந்தது. உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைகள் விடுதலையானார்களே... அவர்களுக்குக் கொடுத்த வாக்குறுதிகள் ஏன் காற்றோடு போயின?

பேராசிரியையின் வீடியோ உரையைக் கேட்டேன். அற்புதமாகப் பேசியிருந்தார். விடுதலையானவர்களுக்குக் கொடுத்த நிலத்தைக்கூட சில மாதங்களிலேயே பிடுங்கிப் பழைய முதலாளிகளிடமே கொடுத்ததைச் சொல்லும்போது அவர் குரலே இறங்கியது. என்ன செய்தேன்? அந்த உரையை எழுதி எடுத்து, வரிக்கு வரி மனப்பாடம் செய்தேன். அம்மா சரி பார்த்தார். பிறகு எதையும் பார்க்காமல், முன்னுரை, உபதலைப்புகள், முடிவுரை என்று வரிசையாக டைப் செய்து, முக்கியமான வாக்கியங்களுக்கு அடிக்கோடும் போட்டு அனுப்பினேன். அவர் சொன்னதை அவரிடமே பிசகாமல் திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு சந்தோஷப்படுவார்!

பூஜ்யம் வந்தது. கூடவே, காப்பியடித்ததாகக் குற்றச்சாட்டு. கட்டுரை முழுக்க, காப்பியைக் கண்டுபிடிக்கும் சாஃப்ட்வேர் சிவப்பு பூசியிருந்தது.

அம்மாவுக்கு வந்ததே கோபம்!

“பார்த்தாடி எழுதின?”

“இல்லம்மா. நீதானே பக்கத்துல இருந்த.”

“அப்புறம் எப்படி காப்பி? பார்த்து எழுதினா காப்பி, பார்க்காம எழுதினா படிப்பு. அந்தம்மாவுக்கு இதுகூடவா தெரியாது? யாரு அவளை டீச்சராக்கினது?”

சைதாப்பேட்டை பிரவீனுக்கு போன் போட்டேன். பி.காம். பெஞ்ச்மேட். இப்போது வேளச்சேரியில் ஐ.டி. கம்பெனி.

“இன்னா மச்சி, இதுக்குப் போயா அழுதுகினு கீற? ஏஐ கிட்ட கேட்டா அதுவே எழுதிக் குடுக்கப் போவுது.”

“டேய், காப்பியடிச்சேன்னு ஏற்கெனவே மாட்டியிருக்கேன்டா.”

“அதான் சொல்றேன். மாட்டினதே மாட்டின... கஷ்டப்படாம மாட்டியிருக்கலாம்ல?”

விளக்கம் சொல்ல பேராசிரியை நேரம் கொடுத்தார். எனக்குக் காலை, அவருக்கு மாலை. திட்டம் அம்மாவுடையது. “நேர்லயே ஒப்பிச்சுக் காட்டு. பேச்சே வராது அவளுக்கு.”

திரையில் அவர் முகம் வந்ததும் “குட் மார்னிங் மேம்” என்று எழுந்து நின்றுவிட்டேன். அந்தப் பக்கம் என் இடுப்பு மட்டும்தான் தெரிந்திருக்கும். உட்காரச் சொன்னார். நின்றால்தான் எனக்கு வரும் என்றேன். லேப்டாப் மூடியைச் சாய்த்துக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, ஆரம்பித்தேன். முழுக் கட்டுரை. கமா, புள்ளி உட்பட. கேமராவில் விழாமல் எதிர் நாற்காலியில் அம்மா, பிரின்ட் அவுட்டில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் “அண்ட்”டை விட்டுவிட்டேன். மேஜைக்கு அடியில் காலில் ஓர் உதை விழுந்தது.

முடித்தேன். அம்மா முகத்தில் வெற்றி.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். இப்படி ஒன்றை வாழ்க்கையில் பார்த்ததில்லை என்றார். நீ திருடவில்லை, நம்புகிறேன் என்றார். பிறகு, ரொம்ப மென்மையாக, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“நான் சொன்னதெல்லாம் சரி என்று நீ நினைக்கிறாயா?”

“எஸ் மேம்.”

“ஏன்?”

சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. அம்மாவைப் பார்த்தேன். அம்மா பிரின்ட் அவுட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார், பதில் அதில் எங்கேயாவது இருக்குமோ என்று.

பேராசிரியை விடவில்லை. விடுதலையான ஒரு பெண்ணாக உன்னை நினைத்துக்கொள் என்றார். நிலம் இல்லை. பழைய முதலாளியே ஓர் ஒப்பந்தத்தை நீட்டுகிறான் — வருடம் முழுக்க அவன் வயலிலேயே வேலை. மறுத்தால், வேலையில்லாமல் திரிகிறாய் என்று உன்னைப் பிடித்துக்கொண்டு போவார்கள். கையெழுத்துப் போடுவாயா?

என் வாயிலிருந்து வந்த பதிலை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. “மேம், அது போர்ஷன்ல இல்லையே.”

அவருக்குப் புரியவில்லை. புரியாததே நல்லது.

ஒரு வாரம் கொடுத்தார். கையெழுத்துப் போடுவாயா என்ற அதே கேள்விக்கு ஒரு பக்கம். உரையில் இருந்து எதுவும் வேண்டாம், நீ என்ன நினைக்கிறாய், அது போதும்.

ஒரு பக்கம்தானே? ஐயோ, அந்த வாரம்!

எலியட்ஸ் பீச்சில் போய் உட்கார்ந்தேன், கடல் தெரிந்தது. லைப்ரரியில் உட்கார்ந்தேன், மற்றவர்கள் நினைத்ததெல்லாம் தெரிந்தது. “நான் நினைக்கிறேன்” என்று டைப் செய்துவிட்டுத் திரையையே பார்ப்பேன். கர்சர் கண் சிமிட்டும். வெறுத்துப்போய், “நீ என்னம்மா நினைக்கிற?” என்று அம்மாவிடமே கேட்டேன்.

“வாரா வாரம் ஊர்ல இருக்கிற எல்லாத்தைப் பத்தியும் அபிப்பிராயம் சொல்றியேடி. இதுக்கு ஒண்ணு இல்லையா?”

நியாயமான கேள்வி. இந்தப் பத்தியில் மெட்ரோ பள்ளத்தைத் திட்டுகிறேன், ஃபில்டர் காபியின் வீழ்ச்சிக்கு அழுகிறேன். அதெல்லாம் எப்படி வருகிறது? யோசித்ததில் ஒன்று புரிந்தது. நீங்கள் எனக்கு மார்க் போடுவதில்லை. மார்க் என்ற சொல் காதில் விழுந்த நொடி, எனக்குள் இருக்கும் ஆள் எழுந்து கையைக் கட்டிக்கொள்கிறாள். பதினேழு வருடம் படித்திருக்கிறேன். ரேங்க் கார்டுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. நீ என்ன நினைக்கிறாய் என்று அதில் ஒரு தாளாவது கேட்டிருக்கிறதா? கேட்காததில் எனக்கும் எவ்வளவு சௌகரியம்! தப்பாக நினைத்துவிடும் பயமே இல்லை. நினைத்தால்தானே தப்பு?

கடைசி நாள் எதையோ எழுதி அனுப்பினேன். பாதிக்கு மேல் அங்கே இங்கே படித்ததன் வாசனை. அதை மாற்றி இதை மாற்றி... எனக்கே தெரிந்தது.

இந்தத் திங்கட்கிழமை ரிசல்ட் வந்தது.

‘சி’.

சீட் போய்விட்டது. பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கெஞ்சிப் பார்த்தேன். வருந்துகிறோம், அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்று இரண்டே வரி. ஆடிட்டருக்கு போன் செய்து, சீட்டை நம்பிக் கொடுத்த ராஜினாமா நோட்டீஸைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா சார் என்று கேட்டேன். “வாம்மா, ஜி.எஸ்.டி. ஃபைல்லாம் அப்படியேதான் இருக்கு” என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் தாங்கவில்லை. போனை வைத்துவிட்டு பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

கட்டுரையின் கீழே பேராசிரியை ஒரு குறிப்பு எழுதியிருந்தார். நடுவில் ஒரு வாக்கியம் மட்டும் உன்னுடையது என்று தோன்றுகிறது, அதைப் படித்ததும் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டேன், அதுபோல் இன்னும் சில இருந்திருந்தால்... என்று.

எந்த வாக்கியம் என்று தேடினேன். இதுதான்: “நான் கையெழுத்துப் போட்டிருப்பேன், பிறகு அந்த விரல்களை என் பிள்ளைகளிடமிருந்து ஒளித்து வைத்திருப்பேன்.”

எங்கிருந்து வந்தது என்று சத்தியமாகத் தெரியவில்லை. எழுதியதாகக்கூட ஞாபகம் இல்லை. மனப்பாடம் செய்திருந்தால்தானே ஞாபகம் இருக்கும்?

அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியை மெதுவாகப் படித்தார். நிமிர்ந்தார். அவர் கண் லேசாகக் கலங்கியிருந்தது. என் தலையைத் தடவிக்கொடுத்தார்.

“நல்லாத்தான்டி இருக்கு. இதை அப்படியே மனப்பாடம் பண்ணி வெச்சுக்கோ... அடுத்த வருஷம் எழுதிடலாம்.”